பினாகாவை யார் எடுப்பது?

‘மெக்கா பிரேக்’ விளையாட்டைப் பற்றி அண்ணன் கேட்ட ஒரு கேள்வியும், விடை தேடி மார்சிலிங்கில் கழிந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும்

இரவு பதினொன்றரைக்கு அண்ணனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. இரவு வேலைக்குப் போகும் வழியில் பேசியிருக்கிறார். பின்னால் பேருந்துச் சத்தம்.

“நீதான மீடியா படிச்சவ. இவன் ஏதோ ரோபோ கேம் விளையாடுறான். பெரிய பெரிய மெஷினு, ஒன்ன ஒன்னு அடிச்சுக்குது. கதவச் சாத்திக்கிட்டு மணிக்கணக்கா யார்கிட்டயோ பேசுறான். எங்ககிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்குறான். அது நல்லதா கெட்டதான்னு நீ வந்து பாத்துட்டுச் சொல்லு. கெட்டதுன்னா வயரப் புடுங்கிடுறேன்.”

‘இவன்’ என்பது அண்ணன் மகன். உயர்நிலை இரண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை நான் மார்சிலிங் எம்ஆர்டியில் இறங்கும்போதே கீழே வந்து நின்று, புளோக்கு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவன். இப்போது “சாப்பிட்டியா?” என்றால் “ம்”. “ஸ்கூல் எப்படி?” என்றால் “ஓகே”. அவ்வளவுதான்.

ஆனாலும் அவனைக் குற்றம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் வானொலிப் படைப்பாளர். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிவாங்கியோடு, முகம் தெரியாதவர்களிடம் மணிக்கணக்காகப் பேசுவதுதான் என் பிழைப்பு. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

“வயரைப் புடுங்காதீங்க அண்ணே. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்று பதில் அனுப்பினேன். என் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போனேன். வெளியில் நின்று எட்டிப் பார்த்து ஒரு விளையாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. உள்ளே இறங்க வேண்டும்.

யானையும் பாகனும்

அவன் விளையாடுவது ‘மெக்கா பிரேக்’. சீனாவின் அமேசிங் சீசன் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2025 ஜூலைத் தொடக்கத்தில் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கும் வெளிவந்தது. பதிவிறக்கக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் திறந்த சோதனை நடந்தபோதே ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் உள்ளே இருந்தார்கள். வெளிவந்த பிறகு அந்தக் கூட்டம் வெகுவாகக் குறைந்தது.

ரோபோ என்றதும் நமக்கு 2010ல் வந்த ‘எந்திரன்’ சிட்டிதான் நினைவுக்கு வரும். சிட்டி தானாக யோசிக்கும், தானாகக் காதலிக்கும். ‘மெக்’ என்பது அது அன்று. அது பத்து மாடி, இருபது மாடி உயர இயந்திரமாகவே இருந்தாலும் உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். நம் வழக்கில் சொன்னால் யானையும் பாகனும். வலு யானையுடையது, புத்தி பாகனுடையது. பாகன் தடுமாறினால் யானையும் தடுமாறும்.

இதை உலகத்துக்குப் பழக்கியது ஜப்பான். 1972ல் கோ நாகாய் உருவாக்கிய ‘மாசிங்கர் இசட்’ கதையில் நாயகன் ராட்சத இயந்திரத்தின் தலைமேல் போய் உட்கார்ந்து அதை ஓட்டினான். 1979ல் ‘மொபைல் சூட் கன்டம்’ தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் அந்த இயந்திரம் ஒற்றை நாயகனின் அதிசயமாக இல்லாமல், இரு தரப்புப் படைகளும் வரிசையாகத் தயாரிக்கும் போர்க்கருவி ஆனது. ஓட்டுபவர் பயப்படுவார், களைப்பார், தவறு செய்வார். அந்தத் தொடரின் பிளாஸ்டிக் பொம்மைகளை ஒட்டிச் சேர்த்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் சிங்கப்பூரர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

பலர் சேர்ந்து மோதும் மெக் விளையாட்டுக்கும் வயதாகிவிட்டது. 1990ல் சிகாகோவில் ‘பேட்டில்டெக் சென்டர்’ திறந்தபோது, ஆளுக்கொரு மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்து, கூண்டுகளைக் கம்பியால் இணைத்து விளையாடினார்கள். 2006ல் ஜப்பானிய விளையாட்டுக்கூடங்களில் ‘கன்டம்’ கூண்டுகள் வந்தன. அந்த விளையாட்டின் ஜப்பானியப் பெயருக்கு ‘போர்க்களத்தின் பந்தம்’ என்று பொருள். பதினைந்து ஆண்டு ஓடி, 2021ல் நின்றது.

தேக்காவுக்குப் போன அண்ணன்

அண்ணன் ஒன்றும் இந்த உலகம் தெரியாதவர் அல்லர். 2000களின் தொடக்கத்தில் சிலிகி ரோட்டில் இருந்த பார்க்லேன் கடைத்தொகுதி, லேன் கடைகளுக்குப் பேர்போனது. ஒரே அறையில் இருபது முப்பது கணினிகள், மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை, எல்லாத் திரையிலும் ‘கவுன்டர் ஸ்டிரைக்’. அம்மா அண்ணனைத் தேக்காவுக்கு ஆட்டிறைச்சி வாங்க அனுப்புவார். தேக்காவிலிருந்து சிலிகி ரோடு நடக்கிற தூரம். ஆட்டிறைச்சி மார்சிலிங் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். “ரயிலு லேட்டும்மா” என்பார். வடக்கு தெற்கு ரயில் பாதை அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நிறையப் பழி சுமந்தது.

அந்தக் கடைகளில் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொள்வார்கள். யார் யாரோடு பேசுகிறார் என்பது கடைக்காரருக்கும் தெரியும். இன்று அந்தக் கத்தல் முழுவதும் ஒரு ஹெட்செட்டுக்குள் போய்விட்டது. அண்ணனுக்குப் பயம் தந்தது விளையாட்டு அன்று, சாத்திய கதவு என்பது எனக்கு முதல் நாளே புரிந்தது.

எடுக்க ஆளில்லாத இயந்திரம்

இனி விளையாட்டுக்கு வருவோம். இதில் முக்கியமாக மூன்று வகை ஆட்டங்கள். மூவருக்கு மூவர் மோதும் சிறு களம். ஆறு பேருக்கு ஆறு பேர் மோதி, இடங்களைப் பிடிப்பதும் காப்பதுமான பெரிய களம். மூன்றாவது ‘மாஷ்மாக்’: பரந்த நிலப்பரப்பில் இறங்கி, எதிர்ப்படும் இயந்திரங்களோடும் மற்ற அணிகளோடும் மோதி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு உயிரோடு வெளியேற வேண்டும்.

இயந்திரங்களுக்கு இங்கே ‘ஸ்டிரைக்கர்’ என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ‘ஃபால்கன்’ நடுவானில் போர்விமானமாக மாறும். ‘டிரைசெரா’ ஓரிடத்தில் காலூன்றி நின்று குண்டுமாரி பொழியும். ‘நருகாமி’ மறைந்திருந்து தொலைவிலிருந்து சுடும். ‘வெல்கின்’ கோடரியோடு கிட்டே வந்து எதிராளியை வேலிக்குள் அடைக்கும். ‘லூமினே’ டிரோன்களை அனுப்பித் தோழர்களைப் பழுதுபார்க்கும்.

ஓட்டிப் பார்த்ததில் முதலில் பிடித்துப்போனது அந்தக் கனம். விசையை அழுத்தினால் இயந்திரம் சீறிக்கொண்டு மேலே போகிறது. ஆற்றல் தீர்ந்தால் கல் மாதிரி கீழே வருகிறது. பறப்பதற்கும் தப்புவதற்கும் ஒரே ஆற்றல் என்பதால், ஆசைக்குப் பறந்தவர் ஆபத்தில் தப்ப முடியாது. குறிபார்க்கும் வேலையில் பெரும்பகுதியை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. அதனால் என்னைப் போல் கை வேகம் குறைந்தவர்களுக்கும் இடம் உண்டு. எங்கே நிற்பது, எப்போது போவது, யாரோடு போவது என்பதுதான் நம் வேலை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பெரிய களத்தில் இறங்குவதற்கு முன் இயந்திரம் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. எங்கள் அணியில் நான், மருமகன், மூன்று புளோக் தள்ளி இருக்கும் அவனுடைய மலாய் நண்பன், கூடவே முகம் தெரியாத மூவர். எல்லாரும் ஓடிப்போய்த் தாக்கும் இயந்திரங்களை எடுத்தார்கள். நானும்தான். விமானமாக மாறுகிற இயந்திரத்தை யார் விடுவார்கள்? மருமகன் மட்டும் கடைசிவரை காத்திருந்து ‘பினாகா’ என்ற ஒன்றை எடுத்தான். பருமனான இயந்திரம். அதன் முக்கிய வேலை தோழர்கள்மீது காப்புக் கவசம் போர்த்துவது.

“ஏன்டா அத எடுத்த?”

“யாரும் எடுக்கல அத்தை. யாராச்சும் எடுக்கணும்ல.”

வீட்டில் ‘ம்’ மட்டுமே சொல்லும் பையன் சொன்னது இது. நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை பேரை வீழ்த்தினார்கள் என்று பட்டியல் வருகிறது. எத்தனை அடிகளைக் கவசம் தாங்கியது என்பதை ஒருவரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆனால் பினாகா இல்லாமல் நாங்கள் ஆடிய ஆட்டங்களில் ஐந்து நிமிடத்துக்குமேல் உயிரோடு இருந்ததாக எனக்கு நினைவில்லை. வலுவான பையன்கள் நிறைந்த கால்பந்தாட்ட அணியில் கோல்காவலராக நிற்க ஆள் கிடைக்காத கதைதான் இதுவும்.

பாட்டி அவிழ்த்த முடிச்சு

கதவை அன்று திறந்தே வைக்கச் சொல்லியிருந்தேன். கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் ‘பினாகா’ விழுந்துவிட்டது.

“என்னடா சொன்ன? பினாகமா?”

“பினாகா, பாட்டி. ரோபோ பேரு.”

“ரோபோவா? அது சிவன் வில்லுடா. சிவனுக்குப் பினாகபாணின்னே ஒரு பேரு இருக்கு. சீதைக்குச் சுயம்வரம் வெச்சாங்கள்ல, அங்க ராமன் ஒடிச்சது சிவன் வில்லுதான்.”

மருமகன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். “அப்ப அது ஒடைஞ்சிடுமா பாட்டி?”

“ராமன் கை பட்டா ஒடையும். நீ பாத்து விளையாடு.”

இந்திய ராணுவத்தின் பல்குழல் ராக்கெட் ஏவு அமைப்புக்கும் ‘பினாகா’ என்றுதான் பெயர். வில் என்றால் அடிக்கிற ஆயுதம். இந்த விளையாட்டில் அதே பெயரைக் காக்கிற இயந்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் பாட்டிக்கு விளக்கினான். நான்கைந்து வாக்கியங்கள், தமிழில், தட்டுத் தடுமாறி. கவசம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கூடத்துக்கு வந்து கையை விரித்துக் காட்டினான். ஒரு சீன நிறுவனம் மிதிலையையும் மார்சிலிங்கையும் சேர்த்து வைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“மூடு! மூடு!”

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு விதி வைத்தேன். ஹெட்செட்டில் நான் தமிழில் மட்டும்தான் பேசுவேன். “ஒலிவாங்கி முன்னால உக்காந்தா எனக்கு வேற மொழி வராதுடா” என்று சமாளித்தேன். பாதி உண்மை.

முதல் ஆட்டமே பாடம் கற்பித்தது. “என் வலப்பக்கவாட்டிலிருந்து எதிரி ஒருவர் நெருங்குகிறார்” என்று செய்தி வாசிப்பது போல நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரும் செத்திருந்தோம்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், இழையில் தகவல் போய்வர நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கச் சர்வருக்குப் போனால்தான் தாமதம் விளையாட்டில் உறைக்கும். ஆசியச் சர்வரில் ஆடும் எங்களுக்கு அந்தக் குறை இல்லை. எங்கள் தாமதம் முழுவதும் என் வாக்கியங்களில் இருந்தது.

அதனால் சொற்களைத் தேடினோம். ‘கவசம் போடு’ என்பது நீளம் என்று மருமகன் நிராகரித்தான். “‘மூடு’ போதும் அத்தை.” எதிரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவதற்கு ‘சுத்து’. மேலே பறக்க ‘ஏறு’. துரத்தாதே, திரும்பி வா என்பதற்கு ‘விடு’. ஓரிடத்தைக் காவல் காக்க என்ன சொல்வது என்று யோசித்தபோது மலாய் நண்பன் ‘ஜாகா’ என்றான். சிங்கப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். அதையும் சேர்த்துக்கொண்டோம். அந்தப் பையன் எங்கள் ‘விடு’வையும் ‘சுத்து’வையும் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டான்.

“மூடு! மூடு! மூடுங்கிறேன்ல!” என்று மருமகனைப் பார்த்து நான் கத்தியபோது அம்மா வாசலில் வந்து நின்றார். “யார வாய மூடச் சொல்றீங்க ரெண்டு பேரும்?”

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 27 விழுக்காடு. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அது 37 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஒவ்வோர் ஏப்ரலிலும் தமிழ்மொழி விழா மேடைகளில் நான் நிகழ்ச்சி நெறியாளராக நின்றிருக்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து அழகாகப் பேசுவார்கள். கைதட்டுவோம். மேடையிலிருந்து இறங்கும் படியிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். மருமகனும் அப்படித்தான். ஆனால் மூன்றாவது ஞாயிறு, என் பின்னால் எதிரி வந்தபோது, அவன் யோசிக்காமல் கத்தியது “அத்தை, பின்னாடி!” என்று. அவசரத்தில் வந்த சொல் அது. விளையாட்டு தமிழை வளர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே உடனடித் தேவை இருக்கிறதோ அங்கே சொல் தானாக வருகிறது. அந்தத் தேவையை வீட்டில் நாம் அவர்களுக்கு எத்தனை முறை தருகிறோம்?

அவன் யாரோடு பேசுகிறான்?

அண்ணன் கேட்டது இதைத்தான். நான்கு ஞாயிறு காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரும்பாலும் பள்ளி நண்பர்கள் இருவரோடு பேசுகிறான். பேச்சில் முக்கால்வாசி விளையாட்டு, மிச்சம் கணக்கு ஆசிரியரும் இணைப்பாட நடவடிக்கையும். நண்பன் தோற்றால் “பரவால்ல, அடுத்தது பாத்துக்கலாம்” என்கிற ஆள் இவன்தான். முகம் தெரியாதவர்களும் அணியில் வருவார்கள். மூன்றாவது ஞாயிறு தோற்றுப்போன ஆட்டத்துக்குப் பிறகு அப்படி வந்த ஒருவர், கவசம் சரியாகப் போடவில்லை என்று கெட்ட வார்த்தைகளில் ஆரம்பித்தார். எனக்கு இரத்தம் கொதித்தது. மருமகன் ஒரு பொத்தானை அழுத்தினான். குரல் நின்றது.

“பதில் சொன்னா இன்னும் பேசுவாங்க அத்தை. மியூட் பண்ணிட்டுப் போய்டணும்.”

வானொலியில் நேரலை அழைப்பில் ஒருவர் கண்டபடி பேசினால் துண்டிக்க எங்களுக்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை அவ்வளவு நிதானமாக அழுத்த எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. ஆனாலும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்ததைப் பார்த்தேன். பதினான்கு வயதுப் பையன் அதைத் தனியறையில் தனியாகவே கடந்து வந்திருக்கிறான், எத்தனை முறையோ.

அன்று மாலை மார்சிலிங் மால் உணவங்காடியில் தே குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், வீட்டில் ஏன் பேசுவதில்லை என்று. கொஞ்ச நேரம் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

“வீட்ல எல்லாரும் கேள்விதான் கேக்குறாங்க அத்தை. சாப்டியா, ஹோம்வொர்க் முடிஞ்சிதா, எத்தன மார்க்கு. பதில் சொன்னதும் பேச்சு முடிஞ்சிடும். இதுல அப்படி இல்ல. நான் சொல்றத வெச்சு அவங்க ஏதாச்சும் செய்வாங்க.”

வானொலியில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்: ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிந்துபோகிற கேள்வியை விருந்தினரிடம் கேட்காதீர்கள். அந்தப் பாடத்தை என் மருமகன் எனக்கே திருப்பி நடத்தினான்.

காசு, உருவம், ஆயுள்

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது.

முதலாவது காசு. பதிவிறக்கம் இலவசம் என்றாலும் உள்ளே போனதும் கடைதான். வண்ணம், உடை, ஓட்டுநரின் தோற்றம் என்று விற்பனைக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வகை நாணயங்கள் வேறு. எது எத்தனை வெள்ளி என்று மனக்கணக்குப் போடவே தலை சுற்றுகிறது. ‘மாஷ்மாக்’ ஆட்டத்துக்கான பாகங்களை விளையாட்டாளர்கள் ஒருவருக்கொருவர் விற்கும் சந்தையும் உண்டு. பணம் உள்ளவர் கை ஓங்கிவிடாதா என்று விமர்சகர்கள் பலர் கேட்டார்கள். ஸ்டீம் தளத்தில் விளையாட்டாளர் மதிப்பீடு தொடக்கத்தில் கலவையாகவே இருந்தது. எங்கள் வீட்டு ஏற்பாடு எளிது. கணினியில் எந்தக் கடன்பற்று அட்டையும் பதிவாகியிருக்காது. வேண்டுமென்றால் மாதச் சில்லறைக் காசிலிருந்து பரிசு அட்டை வாங்கிக்கொள்ளலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இரண்டாவது உருவம். இயந்திரங்களை இவ்வளவு கற்பனையோடு வடித்தவர்கள், பெண் ஓட்டுநர்களை வடிக்கும்போது கவர்ச்சிக் காட்சிக்கு இறங்கிவிட்டார்கள். உடலளவைக்கூட நகர்த்தி மாற்றலாம். வளரும் பையனுக்குப் பக்கத்தில் அத்தையாக உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்ப்பது சங்கடம்தான். சங்கடப்பட்டுக்கொண்டே பேசினேன். “போரடிக்கிற பொண்ணு இந்த உடுப்புலயா போவா?” என்று கேட்டேன். “நானும் அத ஸ்கிப் பண்ணிடுவேன்” என்றான், காது சிவக்க. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விளையாட்டுகளுக்கு வயது வகைப்பாடு வைத்திருக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்பது அறிவுரை. 18 வயது வகைப்பாட்டுக்குக் கடையில் வயதுச் சோதனை உண்டு. இணையத்தில் நேரடியாக இறக்கிக்கொள்ளும்போது கடைக்காரரும் இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆயுள். சர்வர் ஓடும்வரைதான் இந்த விளையாட்டு. 2022 செப்டம்பரில் வந்த ‘கன்டம் எவல்யூஷன்’ என்ற ஆறுக்கு ஆறு மெக் விளையாட்டு, 2023 நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. ஓராண்டும் இரண்டு மாதமும். யுபிசாஃப்ட்டின் ‘த குரூ’ கார்ப் பந்தய விளையாட்டு 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் விளையாட முடியாமல் போனது. அதிலிருந்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். அதனால் மருமகனுக்கு நான் சொன்னது: இதில் நீ வாங்குவது எதுவும் உன்னுடையது ஆகாது. சர்வர் நின்றபிறகும் கையில் மிஞ்சப்போவது கூட விளையாடியவர்கள்தான்.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. ஓட்டுவதற்கு அருமையான இயந்திரங்கள், ஒருவரையொருவர் நம்பினால்தான் வெல்ல முடியும் என்ற அமைப்பு ஆகியவற்றுக்கு அந்த மூன்றரை. கடைக்கும் ஓட்டுநர் உடைகளுக்கும் சேர்த்து ஒன்றரையைக் குறைத்துவிட்டேன். பள்ளி நாள்களில் ஒரு மணி நேரம், வார இறுதியில் இரண்டு, கதவு திறந்திருக்க வேண்டும் என்று மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். மருமகனும் தலையாட்டினான், கதவு திறந்திருப்பதில் அவனுக்கு ஆட்சேபமே இல்லை. சத்தம் என்று நாங்கள்தான் முதலில் அதைச் சாத்தச் சொன்னோமாம். அது எங்களுக்கு நினைவில்லை.

நான்காவது ஞாயிறு அண்ணனுக்கு ஓய்வு நாள். அறை வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் வீடு உயரத்தில் இருப்பதால் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் ஜோகூர் கடற்பாலத்து வாகன வரிசை தெரியும்; வழக்கமாக ஞாயிறு மதியம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்.

நாங்கள் மூவராக ஆடிக்கொண்டிருந்தோம். நான்காவது ஆளுக்கு இடம் கிடையாது. மருமகன் திரும்பாமலே சொன்னான்.

“அப்பா, அந்த மூலைல சின்ன மேப்பு இருக்குல்ல? செவப்புப் புள்ளி எங்க பின்னாடி வந்துச்சின்னா சொல்லுங்க.”

அண்ணன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பார்க்லேனில் கத்திய அதே தொண்டை திறந்தது.

“பின்னாடிடா! பின்னாடி! அவள மூடுடா!”

தோற்றுத்தான் போனோம். கொஞ்சத்தில் தவறிய ஆட்டம். அண்ணன் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தார்.

“இன்னொரு ஆட்டம் போடு” என்றார். “இந்தத் தடவ உன் அத்தைய பினாகா எடுக்கச் சொல்லு.”

ஆட்டிறைச்சிக் குழம்பு ஆறுகிறது என்று அம்மா கூடத்திலிருந்து மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.